பழைய பியானோவ ட்யூன் பண்றவர் ஏன் ஒரே நாள்ல ரெண்டு தடவ ட்யூன் பண்றாரு?

இதுக்குப் பேர் பிட்ச் ரெய்ஸ், அதாவது வருஷக்கணக்கா தொடாம விட்டு சுருதி எறங்கிப்போன பியானோவ மொதல்ல குத்துமதிப்பா மேல ஏத்திட்டு அப்புறம் நிதானமா ட்யூன் பண்றது. உள்ள சுமார் 230 கம்பி இருக்கு, மொத்தமா சேர்த்தா 18 டன் அளவுக்கு இழுவிசை வரும், அந்த பாரத்துல ஒரு பங்கு பிரிட்ஜ்ங்கிற மரக்கட்ட வழியா சவுண்ட்போர்டுங்கிற மரப்பலகைய அழுத்துது, அதனால கம்பிய முறுக்க முறுக்க பலக கொஞ்சம் கீழ எறங்கி, ஏற்கனவே முறுக்குன கம்பியெல்லாம் மறுபடி தளர்ந்துடும். சைக்கிள் வீல்ல ஒரு ஸ்போக்க இறுக்குனா பக்கத்துல உள்ளது லூசாகுமே, அதே கததான்.

ரொம்ப பழசுன்னா இன்னொரு விஷயமும் பாக்கணும், கம்பி சுத்தியிருக்கிற ஆணிய, அதாவது ட்யூனிங் பின்-ஐ, பிடிச்சுக்கிறது மரத்தோட இறுக்கம் மட்டும்தான், மரம் காஞ்சு ஓட்ட பெருசாயிட்டா எத்தன தடவ ட்யூன் பண்ணாலும் நிக்காது, கொஞ்சம் தடிமனான பின் மாத்தணும். துருப்பிடிச்ச கம்பி அறுந்துபோற ரிஸ்க்கும் இருக்கு, அதனால சில பியானோவ ஸ்டாண்டர்ட் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு ஏத்தாம கொஞ்சம் கீழயே விடுறது நல்லது.

வாசிக்காம மூடி வச்சா சுருதி கெடாதுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, ஆனா காத்துல ஈரப்பதம் கூடிக் கொறையும்போது பலக உப்பிச் சுருங்கும், யாரும் தொடாமலே சுருதி மாறும்.