பெண்ணியம் என்றால் ஆண்வெறுப்புதானே? தோட்டப்பக்கத்துப் பெண்களுக்கு அது எதற்கு?

கேள்வியின் சுருக்கம் இது: "சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தேன். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் காட்டுக்குப் போவார்கள். சம்பளம் அம்மா கைக்குத்தான் வரும், வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பிறகு எதற்குப் பெண்ணியம்? கோலாலம்பூரில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் ஆண்களைத் திட்ட வைத்துக்கொண்ட பெயர்தானே அது?"

சம்பளத்தை வாங்கி அரிசிக்கும் பள்ளிப் பஸ்ஸுக்கும் பிரித்துக் கொடுப்பது பெரிய பொறுப்பு. மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் யார் பெயரில் எழுதப்பட்டது? தோட்டப்பக்கத்தில் பெண்ணியம் பேச ஆரம்பித்தால் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும். செக்ரோல் என்கிற வருகை, சம்பளப் பதிவேட்டில் யார் பெயர், திருமணப் பத்திரம் இருக்கிறதா, இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதியில் வாரிசு யார், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில், யார் பெயர்?

செம்பனைக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் குலை வெட்டுவார், ஓலையை ஒதுக்கி அடுக்குவார், குலையைத் தள்ளுவண்டியில் ரோட்டோரம் சேர்ப்பார். குலை விழும்போது மரத்தடியில் சிதறும் உதிரிப் பழங்களை மனைவி குனிந்து பொறுக்கி, சருகு நீக்கி, கோணியில் கட்டுவார். எண்ணெய் அதிகம் உள்ளது அந்த உதிரியில்தான், விட்டுவைத்தால் மண்டோர் (மேற்பார்வையாளர்) கூலியில் கழிப்பார். இரண்டு பேர் உழைப்பும் ஒரே கணக்கில், கணவர் பெயரில் ஏறும். மனைவி 'உதவிக்கு வந்தவர்'. மட்டை விழுந்து அவர் தோள் முறிந்தால் தொழிலாளர் விபத்துக் காப்புறுதியான சொக்சோவில் அவர் பெயர் கிடையாது.

இதைக் காசாகப் பார்ப்போம். மனைவியின் பங்கு மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால், இன்றைய விகிதத்தில் தொழிலாளர் பங்கு 11 சதவீதம் 66 வெள்ளி, முதலாளி பங்கு 13 சதவீதம் 78 வெள்ளி, ஆக மாதம் 144 வெள்ளி சேமநிதிக்குப் போக வேண்டும். 20 வருடத்தில், லாப ஈவைச் சேர்க்காமலே, 34,560 வெள்ளி. அத்தனையும் கணவர் கணக்கில் இருக்கும். அவர் நல்லவராக இருந்தால் பிரச்சினை தெரியாது. அவர் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டாலோ, 55 வயதில் மொத்தத்தையும் எடுத்துச் செலவழித்துவிட்டாலோ, அந்த அம்மாவின் 20 வருட உழைப்பைக் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. இன்று தோட்ட வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டவர்தான். ஆனால் தாமானுக்குக் குடிபெயர்ந்த பிறகும், சாப்பாட்டுக் கடையிலும் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) ஸ்டாலிலும் 'குடும்பமாகச் சேர்ந்து' நடக்கும் தொழிலில் இதே கணக்கு அப்படியே தொடர்கிறது.

பெண்ணியம் "வெள்ளைக்காரன் சரக்கு" என்று சொல்பவர்களும் உண்டு, அந்த வாதத்துக்கு வருவோம். மலாயா தோட்டங்களில் 1920களின் பிற்பகுதியில் நிர்ணயக் கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே ரப்பர் மரம், அதே பால், 10 காசு குறைவு. அதை நிர்ணயித்ததுதான் வெள்ளைக்காரன் ஆட்சி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே பட்டியலில், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் துரைமாரும், தோட்டத்து ஆசிய அதிகாரிகளான 'கறுப்புத் துரைகளும்' முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் இருந்தது. போருக்குப் பிறகு கெடாவில் பீடோங் பக்கம் தொண்டர் படை கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தது. கள்ளுக்கடை மூடினால் யார் வீட்டில் அடி குறையும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1943இல், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களில் பலர் ரப்பர் தோட்டங்களிலிருந்து போனவர்கள். அந்தப் படையில் இருந்த ராசம்மா பூபாலன்தான் பின்னாளில் பெண் ஆசிரியர் சங்கத்தை முன்னின்று நடத்தி, சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டார். இவர்களில் எத்தனை பேர் 'பெண்ணியம்' என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இனி, நம் பக்கம் அதிகச் சேதம் செய்கிற தவறான எண்ணம்: "கோயிலில் தாலி கட்டியாச்சு, ஊரே சாப்பிட்டுப் போச்சு, பத்திரம் எதுக்கு?" இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. அன்றிலிருந்து, பதிவு செய்யாத கோயில் கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. வழி கஷ்டமில்லை. இருவரும் அடையாளக் கார்டோடு பதிவிலாகாவில் மனு கொடுக்க வேண்டும். மனு 21 நாள் அறிவிப்பில் இருக்கும். அதன் பிறகு, மனு கொடுத்த ஆறு மாதத்துக்குள் பதிவு நடக்க வேண்டும். சில கோயில்களில் துணைப் பதிவாளர் இருப்பார், அங்கே தாலியும் கையெழுத்தும் ஒரே நாளில் முடிந்துவிடும். தவறு நடப்பது எங்கே என்றால், முகூர்த்தம் குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்த பிறகுதான் இந்த 21 நாள் நினைவுக்கு வரும். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பண்ணிக்கலாம்" என்பார்கள். அந்த 'அப்புறம்' பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை வராது.

பத்திரம் இல்லாவிட்டால் சொத்தில் மனைவி என்ற பங்கு கிடையாது. கணவர் இறந்தால் சொக்சோ விதவை ஓய்வூதியம் கேட்கும்போது முதலில் கேட்பது அந்தப் பத்திரத்தைத்தான். பிள்ளை, சட்டப்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. தாய் மலேசியராக இருந்தால் பிள்ளை தாய்வழியில் குடியுரிமை பெறும். தகப்பன் மலேசியர், தாய் தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர் என்றால், பதிவில்லாத அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை நீல அடையாளக் கார்டு இல்லாமல் வளரும். இதில் இரண்டு விதிவிலக்குகள் உண்டு, பலருக்குத் தெரியாது. பிள்ளைக்கான ஜீவனாம்சத்தை, கல்யாணம் பதிவாகாவிட்டாலும், தகப்பனிடம் கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டமும் சமயச் சடங்குப்படி மணந்தவரை, பதிவில்லாவிட்டாலும், துணையாகவே ஏற்கிறது. "உனக்குத்தான் சர்ட்டிபிகேட் இல்லையே, எங்க போய் ரிப்போர்ட் பண்ணுவே?" என்று மிரட்டினால், அந்த மிரட்டல் செல்லாது.

பத்திரம் இருந்தும் கோட்டை விடுகிற இடம் இபிஎஃப் வாரிசு. 18 வயதில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது பையன் அம்மா பெயரை எழுதியிருப்பான். கல்யாணம் ஆனால் உயில் தானாக ரத்தாகும், சேமநிதி வாரிசு ரத்தாகாது. 20 வருடம் குடும்பம் நடத்திய மனைவி கவுண்டரில் போய் நிற்கும்போது, பணம் முழுக்க மாமியார் பெயரில் இருக்கும். மாமியார் மேல் தப்பில்லை, மாற்றாமல் விட்டவர் மேல்தான். உறுப்பினரே நேரில் போய்ப் புதிய வாரிசைப் பதிந்தால் பழையது போய்விடும். ஆண்களே, இதற்கு ஒரு காலைப் பொழுது போதும்.

உயில் இல்லாமல் இறந்தால், இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்கு கால் பங்கு, பெற்றோருக்கு கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் சம பங்கு. "கட்டிக்கொடுத்தாச்சே, சீர் செஞ்சாச்சே" என்பது பந்தல் பேச்சு, சட்டத்தில் அதற்கு இடமில்லை. நடப்பது என்ன? அண்ணன் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து போடும்மா, வீட்டு வேலை சீக்கிரம் முடியும்" என்பார். அது பங்கை விட்டுக்கொடுக்கும் தாள். படிக்காமல் போடாதீர்கள். விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

"பெண்ணியம் வீட்டில் இருக்கும் பெண்ணைக் கேவலப்படுத்துகிறது" என்பது இன்னொன்று. வீட்டு வேலைக்கு மதிப்புப் போடச் சொன்னதே அந்தத் தரப்புதான். 2017இல் திருத்தி 2018 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்த மணவிலக்குச் சட்டப் பிரிவு, சொத்தைப் பிரிக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொண்டதையும் பங்களிப்பாகக் கணக்கெடுக்கச் சொல்கிறது, சமமாகப் பிரிக்கும் பக்கம் நீதிமன்றம் சாய வேண்டும் என்றும் சொல்கிறது. 2022 டிசம்பரிலிருந்து இல்லத்தரசிகளுக்கு சொக்சோ திட்டம் இருக்கிறது. 55 வயதுக்குக் கீழுள்ளவர்கள் வருடம் 120 வெள்ளி கட்டினால், வீட்டு வேலையில் ஏற்படும் விபத்துக்கும் உடல் முடியாமல் போவதற்கும் உதவி உண்டு. கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டினாலும் அது விபத்துதான்.

ஆண்வெறுப்பு விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. அதே திருத்தத்தில்தான் தகப்பனுக்கு 7 நாள் சம்பள விடுப்பும் வந்தது, வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. தகப்பன் விடுப்புக்கு அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், ஐந்து பிரசவம் வரை. இதற்கும் திருமணம் ஆனவர் என்று காட்ட வேண்டும். திரும்பவும் அந்தப் பத்திரம்தான்.

"இப்ப சட்டமெல்லாம் பெண்கள் பக்கம்தானே" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாள் 65 வெள்ளிச் சொச்சம். மணவிலக்கு உயர் நீதிமன்ற விவகாரம், சுங்கை சிப்புட்டிலிருந்து என்றால் ஈப்போ. கணவர் சம்மதிக்காவிட்டால், அதற்கு முன் பெரும்பாலும் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும், அது ஆறு மாதம்வரை இழுக்கும். ஐந்து நாள் லீவு போட்டால் 325 வெள்ளிக்கு மேல் போய்விடும், பஸ் காசும் வக்கீல் காசும் தனி. சட்டம் ஈப்போவில் இருக்கிறது, அந்தப் பெண் ஃபேக்டரி பஸ்ஸில் இருக்கிறார்.

வீட்டில் அடி விழுகிற விஷயத்தில் காத்திருக்க வேண்டாம். முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், எப்படி நடந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். "படியில விழுந்துட்டேன்" என்று சொன்னால் ரிப்போர்ட்டில் அதுதான் ஏறும், பிறகு மாற்றுவது கஷ்டம். சமூகநல இலாகா அதிகாரி 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும், அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, எந்த நேரமும் கூப்பிடலாம். போலீசில் ரிப்போர்ட் செய்தால், விசாரணை முடியும்வரை இடைக்கால ஆணைக்கு நலன் அதிகாரி மூலம் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஸ்டேஷனில் "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்றால், ரிப்போர்ட் நகல் கையில் வராமல் வெளியே வராதீர்கள். ரிப்போர்ட் எண் இல்லாத புகார், வாய்ப் பேச்சோடு சரி.

கடைசியாக அந்த 98 நாள் பிரசவ விடுப்பைப் பற்றி, இதில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். பிரசவச் சம்பளத்துக்கு, பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும், கடைசி நான்கு மாதத்தில் எப்போதாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் கிடையாது. ஏஜெண்டு மூலம் வேலைக்குப் போகிறவர்கள் வயிறு தெரிய ஆரம்பித்ததும், "நீயே நின்னுக்கோம்மா, பிள்ளை பெத்து வந்து பாப்போம்" என்ற பேச்சைக் கேட்டுச் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். இன்னும் நான்கு மாதத்துக்குள் பிரசவம் என்று தெரிந்தும் முதலாளியிடம் சொல்லாமல் வேலையை விட்டால், பிரசவச் சம்பளம் கேட்க முடியாது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி அவர்கள் நிறுத்தினாலோ அது குற்றம், தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதனால் 'நீயே நின்னுக்கோ' என்கிற வார்த்தையில்தான் அவர்களுக்கு லாபம். நிற்பதாக இருந்தால், பிரசவத் தேதி எழுதிய கிளினிக் புத்தகத்தின் பக்கத்தை நகல் எடுத்து, ஒரு கடிதத்தோடு ஆபீசில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சாப் (முத்திரை) அடித்து வாங்கிக்கொண்டு பிறகு நில்லுங்கள். சாப் அடிக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள்.