வைகொலர் கல்பாலம் – முட்டி வலி உள்ள அம்மாவோட போறது பத்தி

மான்செஸ்டர்ல இருந்து முட்டி வலி இருக்கிற அம்மாவ கூட்டிட்டு, இங்கிலாந்துல லங்காஷயர்ல இருக்கிற வைகொலர் கிராமத்துக்குப் போகணும், கார் பாலம் வரைக்கும் போகுமா, அம்மாவால பாலத்த தாண்ட முடியுமான்னு கேட்டிருந்தீங்க. ஊருக்குள்ள வெளியூர் காரெல்லாம் விடமாட்டாங்க, வெளிய பார்க்கிங்ல விட்டுட்டு கொஞ்ச தூரம் நடக்கணும், ஆனா மாற்றுத்திறனாளிகளுக்கான ப்ளூ பேட்ஜ் பார்க்கிங் அட்டை வாங்கியிருந்தீங்கன்னா, கார உள்ள விடுவாங்களான்னு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

ஊருக்குள்ள போயிட்டா அம்மாவுக்கு பெரிய அலைச்சல் இல்ல, அங்க இருக்கிற மூணு பழைய கல்பாலத்துல ரெண்டு ஓடையோரமா கிட்டக்கிட்டவே இருக்கு. வளைவு வளைவா கோணலா நிக்குறது பொதிக்குதிரை போன பாலம், அதுல ஏற்ற இறக்கம் இருக்கு, கைப்பிடிச் சுவரும் சரியா கிடையாது, அதனால அதுல அம்மாவ ஏத்தாதீங்க, கீழ நின்னு பாத்தாலே போதும். வைகொலர் ஹால்ங்கிற பாழடைஞ்ச பழைய மாளிகை பக்கத்துல பெரிய பெரிய பலகைக்கல்ல தூண் மேல அப்படியே படுக்க வச்ச பாலம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. கைத்தறி நெசவாளிங்க மரக்கட்டை செருப்போட நடந்து நடந்து கல்லு நடுவுல பள்ளமே விழுந்துச்சாம், அப்புறம் செதுக்கி சமப்படுத்திட்டாங்கன்னு சொல்றாங்க. மழை பேஞ்சா பாசி வழுக்கும், கைய பிடிச்சுக்கோங்க.

இன்னும் மேல ஒத்தக்கல் பாலம் ஒண்ணு இருக்கு, மூணுலயும் அதுதான் ரொம்ப பழசுன்னு சொல்வாங்க, 1989-லயும் 1991-லயும் வெள்ளம் அடிச்சும் திரும்ப தூக்கி வச்சிருக்காங்க. அதுக்கு நீங்க மட்டும் போய் பாத்துட்டு வாங்க, அம்மா ஹால் கிட்ட உக்காந்திருக்கட்டும்.