கூடைப்பந்து வீரர் பாடும் ராப்பைக் கேட்க முடியுமா?

கேள்வி: என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) வீரர்கள் ராப் ஆல்பம் போடுவதெல்லாம் காசு இருக்கிறவர்களின் பொழுதுபோக்குதானே? காது கொடுத்துக் கேட்கிற மாதிரி யாராவது இருக்கிறார்களா?

பெரும்பாலும் நீங்கள் சொல்வதுதான் நிஜம். டேமியன் லில்லார்டை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எனக்கு அவரை முதலில் ஆட்டக்காரராகத்தான் தெரியும். 2019 ஏப்ரல் 24, இங்கே காலை பத்து மணிக்கு மேல் (அங்கே முந்தின நாள் இரவு). அலுவலக மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு போர்ட்லாந்து, ஓக்லஹோமா சிட்டி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். 115-115. மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) இருப்பது கூடையிலிருந்து 23 அடி 9 அங்குலத்தில். போர்ட்லாந்துக்கு ஆடும் இந்த மனிதர் 37 அடி தூரத்தில் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். கடைசி நொடிகளில் அங்கிருந்தே எறிந்தார். உள்ளே! அதோடு அவருக்கு 50 புள்ளி, தொடரும் முடிந்தது. எதிரணிப் பக்கம் திரும்பி டாட்டா காட்டினார். நான் போட்ட சத்தத்துக்கு மேனேஜர் எழுந்து வந்துவிட்டார், அது தனிக்கதை.

அன்று ராத்திரி அவரைப் பற்றித் தேடியபோதுதான் பாட்டுகள் கிடைத்தன. ராப்பில் அவர் பெயர் டேம் டொல்லா. ஆண்டவன் அனுமதித்த அளவில் வித்தியாசமானவன் என்கிற பொருளில் வரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் டொல்லா. சட்டையில் இருக்கும் பூஜ்யமும் அவருக்கு எண் இல்லை, 'ஓ' என்கிற எழுத்து. பிறந்து வளர்ந்த ஓக்லண்ட், கல்லூரியில் ஆடிய ஆக்டன், தொழிலுக்கு வந்த ஆரிகன் (போர்ட்லாந்து இருக்கும் மாநிலம்) மூன்றும் ஆங்கிலத்தில் அந்த எழுத்தில்தான் தொடங்கும். 2016இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரும் அந்த எழுத்துதான். பிரபல ராப் பாடகர் லில் வெய்ன் அதில் ஒரு பாட்டில் பாடியிருக்கிறார்.

ஆனால் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது ஆல்பத்தால் இல்லை, வெள்ளிக்கிழமைகளால். 2013இல் இன்ஸ்டாகிராமில் 'நான்கு பார் வெள்ளி' என்று ஒன்றைத் தொடங்கினார். வாராவாரம் நான்கே நான்கு பார் பாடி வீடியோ போடுவார், யார் வேண்டுமானாலும் அதே குறியீட்டோடு தங்கள் நான்கு பாரைப் போடலாம். ஒரு பார் என்றால் தாளத்தில் நான்கு தட்டு. ஆக மொத்தம் பதினாறு தட்டு, நடுத்தர வேகத்தில் பத்துப் பன்னிரண்டு நொடிதான். அதற்குள் ஒரு விஷயத்தைத் தொடங்கி, வரிக்கடைசியில் ஓசை ஒன்றவைத்து (நம் யாப்பில் இயைபு என்பார்களே, அதுதான்), கடைசித் தட்டில் ஒரு குத்தும் வைக்க வேண்டும். தமிழில் நானும் முயன்று பார்த்தேன். மூன்றாவது பாரில் 'போடா, வாடா' என்று வந்து நின்றது.

ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் எறிதல்) பழகுவதுபோல அவர் இதைப் பழகியிருக்கிறார். பாட்டில் அது தெரிகிறது. கத்தமாட்டார். மூச்சு சீராக இருக்கும். கெட்ட வார்த்தை அநேகமாக இருக்காது. குறையும் அதுவேதான்: சில பாட்டுகளில் குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே கோடாகப் போகும், நான்காவது பாட்டுக்குமேல் கொட்டாவி வரும்.

மற்றவர்களைப் பாருங்கள். ஷாகீல் ஓநீலின் 1993 ஆல்பம் பிளாட்டினம் (அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதி) ஆனது. ஜாலியான பாட்டுகள், ஆனால் பாதி விற்பனை அந்த ஏழடி உருவத்துக்கே. ஆலன் ஐவர்சன் 2000இல் வெளியிட்ட ஒரு பாட்டின் வரிகள் பெரிய சர்ச்சையாகி, ஆல்பமே வெளிவரவில்லை. அதே ஆண்டு கோபி பிரையன்ட் ஒரு பாட்டு போட்டார், அதோடு சரி. மறந்துவிடுவோம், அவர் ஆத்மா சாந்தியடையட்டும்.

2019இல் ஷாகீல் ஓநீலைவிட நான் நன்றாக ராப் பாடுவேன் என்று ஒரு பேட்டியில் லில்லார்ட் சொல்லிவிட்டார். பெரியவருக்குக் கோபம், வசைப்பாட்டு போட்டார். லில்லார்ட் பதிலுக்குப் போட்ட பாட்டின் தலைப்பைப் பாருங்கள்: 'ரெய்ன் ரெய்ன் கோ அவே'. எல்கேஜி பிள்ளைகள் பாடும் அதே மழைப் பாட்டுதான். ஆனால் எழுத்தை மாற்றி, மழைக்குப் பதில் அதே ஓசையுள்ள, 'ஆட்சி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட்டிருந்தார். மழையே போ என்பது காதுக்கு, உன் ராஜாங்கம் முடிந்தது, கிளம்பு என்பது கண்ணுக்கு. காளமேகத்தைப் படித்த நமக்குச் சிலேடையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சண்டையில் என் ஓட்டு சின்னவருக்கே.

அப்புறம், அணி தோற்கும்போதெல்லாம் 'பாட்டை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போ' என்று ஒரு கூட்டம் கிளம்பும். 2023 பிப்ரவரியில் ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 71 புள்ளி எடுத்தார், அதில் 13 மூன்று புள்ளி எறிதல்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு ஆல்பமும் வந்தது. இதற்குமேல் எந்தப் பயிற்சிக்குப் போவது?

இடையில் வேறு அணிக்குப் போயிருந்தவர், 2025இல் குதிகால் நாண் அறுந்து, அந்தக் கோடையிலேயே போர்ட்லாந்துக்குத் திரும்பிவிட்டார். நீங்கள் கேட்பதாக இருந்தால் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு இரண்டு பாட்டாக.