ரசீதில் 3200, திரையில் 1333

கேள்வி: காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் வியாபாரம் செய்கிறேன். கணக்கு எழுதும் கணினியில் ஏற்கெனவே இருந்த 8 ஜிபி ரேமுடன் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் பொருத்தினேன். ரசீதில் டிடிஆர்4-3200 என்று இருக்கிறது. ரேமின் மேல் ஒட்டிய சீட்டில் பிசி4-25600 என்று இருக்கிறது. கணினியின் உறுப்பு விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளோ 1333 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. போதாக்குறைக்கு, பழையதில் சிஎல்19 என்றும் புதியதில் சிஎல்22 என்றும் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: கடைக்காரரை நோவதற்கு முன் 25600-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள், 3200 வரும். ரேமிலிருந்து தரவு செல்லும் பாதை 64 பிட், அதாவது 8 பைட் அகலம் கொண்டது என்பதால், விநாடிக்கு 3200 மில்லியன், அதாவது 320 கோடி முறை தரவு கைமாறும்போது 25,600 மெகாபைட் போய்ச் சேருகிறது. ரசீது எத்தனை முறை என்பதைச் சொல்கிறது, சீட்டு எவ்வளவு சுமை என்பதைச் சொல்கிறது. சில தயாரிப்பாளர்கள் சீட்டிலேயே பிசி4-3200ஏஏ என்று அச்சிடுவதும் உண்டு. ஆகவே டிடிஆர்4 வகையில் ஐந்து இலக்கம் இருந்தால் வகுக்க வேண்டும், நான்கு இலக்கம் இருந்தால் வகுக்கக் கூடாது. வாங்குகிறவரை இப்படிக் கணக்குப் போட வைப்பது நியாயமில்லைதான்.

இனி 1333-க்கு வருவோம். உங்கள் வீட்டு ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்புவதை ஒரு வீச்சு என்று கொள்ளுங்கள். ரேமை இயக்கும் கடிகாரத் துடிப்பும் அப்படித்தான் ஆடுகிறது. ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் வீச்சு. டிடிஆருக்கு முந்தைய எஸ்டிரேம் என்ற ரேம் வகை வீச்சுக்கு ஒரு முறைதான் தரவைத் தந்தது. அதனால் பிசி133 என்ற பெயரும் 133 மெகாஹெர்ட்ஸ் என்ற கடிகார வேகமும் ஒத்துப்போயின. டிடிஆர் போகையில் ஒரு முறையும் வருகையில் ஒரு முறையும் தருவதால், 3200-க்கு 1600 மெகாஹெர்ட்ஸ் போதும். சிபியு-இசட் காட்டுவது இந்த வீச்சுகளின் எண்ணிக்கையைத்தான். ஆனால் உங்கள் திரையில் 1600 இல்லை, 1333 இருக்கிறது. இரட்டித்தால் ஏறக்குறைய 2666. வெவ்வேறு வேகமுள்ள ரேம்களைச் சேர்த்துப் பொருத்தினால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கே இறங்கிவிடும் என்பதால், உங்கள் பழைய ரேம் 2666 ஆக இருக்கும் என்று கருதுகிறேன். அதன் சீட்டில் பிசி4-21300 அல்லது பிசி4-2666வி என்று இருந்தால் ஐயமே இல்லை.

சிஎல் என்பது நேரம் அன்று. கேட்ட தரவு வரும்வரை கழியும் வீச்சுகளின் எண்ணிக்கை. 1600 மெகாஹெர்ட்ஸில் 22 வீச்சுக்கு 13.75 நானோ விநாடியும் (நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு), 1333-இல் 19 வீச்சுக்கு ஏறத்தாழ 14.25 நானோ விநாடியும் ஆகின்றன. எண் பெரிதாகத் தெரிந்தாலும், தனித்து ஓடும்போது புதியதுதான் சற்று முந்துகிறது.

சரிபார்க்க விரும்பினால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பழைய ரேமைக் கழற்றிப் புதியதை மட்டும் ஓட்டிப் பாருங்கள். 1600 காட்டினால் கடைக்காரர் மீது குற்றமில்லை. அப்போதும் 1333 என்றே இருந்தால், செயலியோ மதர்போர்டோ 2666-க்கு மேல் ஏறாத வகையாக இருக்கலாம். அவற்றின் விவரக் குறிப்பைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பிறகு இரண்டையும் திரும்பப் பொருத்திவிடுங்கள். கணக்கு எழுதும் வேலைக்கு இந்த வேக வேறுபாட்டைவிடக் கூடுதலாகக் கிடைத்த 8 ஜிபி இடமே பெரிது.