வடிவமைப்புச் சிந்தனையை எப்படி அளப்பது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஆறு மாதமாக வடிவமைப்புச் சிந்தனைப் (design thinking) பயிற்சி நடக்கிறது. பயன் என்ன என்று மேலாளர் அறிக்கை கேட்கிறார். அது இன்னதென்று சொல்வதிலேயே பயிற்றுநர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். வரையறுக்க முடியாத ஒன்றை எப்படி மதிப்பிடுவது?

பதில்: பயிற்றுநர்களைக் குறை சொல்ல முடியாது, குழப்பம் துறைக்குள்ளேயே இருக்கிறது. இருக்கும் நிலையை விரும்பும் நிலையாக மாற்ற வழி வகுக்கும் எவரும் வடிவமைப்பவரே என்ற பொருளில் 1969-இல் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் எழுதினார். அத்தனை அகலமான வலையில் மருத்துவரும் சிக்குவார், சட்டம் இயற்றுபவரும் சிக்குவார். 1987-இல் 'வடிவமைப்புச் சிந்தனை' என்ற சொற்றொடரையே நூலின் தலைப்பாக்கிய கட்டடக்கலைப் பேராசிரியர் பீட்டர் ரோ, கட்டடக் கலைஞர்கள் சிந்திக்கும் விதத்தை ஆராய்ந்தார். வணிக உலகின் கைக்கு வந்தபோது அது படிகளாகச் சுருங்கியது: ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளி, பயனரைப் புரிந்துகொள்வதில் தொடங்கி முன்மாதிரி செய்து சோதிப்பது வரை ஐந்து படி என்றது, பிரிட்டனில் வடிவமைப்பை ஊக்குவிக்கும் அமைப்பான டிசைன் கவுன்சில் நான்கு கட்டம் என்றது. ஆக, மனம் இயங்கும் விதம், வேலைமுறை, நிறுவனம் வளர்க்க விரும்பும் மனப்பான்மை ஆகிய மூன்றும் ஒரே பெயரில் உலவுகின்றன. இவற்றுள் எதை உத்தேசித்துப் பயிற்சி தொடங்கப்பட்டது என்று மேலாளரிடமே கேட்டுவிடுங்கள். உங்கள் அறிக்கைக்கு அந்த வரையறை போதும்.

மதிப்பீடுதான் உண்மையில் கடினம். திட்டமிடல் அறிஞர்களான ஹார்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெபரும் 1973-இல் விவரித்த முரட்டுச் சிக்கல்களுக்கு (wicked problems: தெளிவாக வரையறுக்கவே முடியாத, வடிவமைப்பில் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல்கள்) சரி, தவறு என்ற விடை கிடையாது, நல்லது, கெட்டது என்றே சொல்ல முடியும். ஒவ்வொரு தீர்வும் நிலைமையையே மாற்றிவிடுவதால், திரும்பிப் போய் மற்றொரு வழியைச் சோதிக்கவும் இயலாது. ஒரு திட்டம் வென்றால் அது பயிற்சியாலா, கூடுதல் பணத்தாலா, அக்குழுவில் இருந்த ஒரு திறமைசாலியாலா என்று பிரித்துக் காட்டுவது அரிது. இதனால்தான் பலரும் எண்ண எளிதானவற்றை எண்ணுகிறார்கள்: யோசனைகளை எழுதிச் சுவரில் ஒட்டிய வண்ணத் தாள்கள், பயிலரங்கின் முடிவில் நிரப்பிய திருப்திப் படிவங்கள். மதிய உணவு நன்றாக இருந்தாலும் அந்தப் படிவத்தில் மதிப்பெண் ஏறும்.

நான் பார்க்கச் சொல்வது கேள்வி மாறியதா என்பதை. திட்டத்தின் முதல் நாளில் குழு எழுதிய சிக்கலையும், பயனர்களைச் சந்தித்த பின் எழுதியதையும் அருகருகே வையுங்கள். "விண்ணப்பப் படிவம் நீளமானது, சுருக்க வேண்டும்" என்று தொடங்கியவர்கள், "எந்தச் சான்றுகள் தேவை என்பது வரிசையில் நின்று உள்ளே வந்த பிறகே மக்களுக்குத் தெரிகிறது" என்று வந்து சேர்ந்திருந்தால், ஏதோ நடந்திருக்கிறது. இரு வாக்கியங்களும் ஒன்றாகவே இருந்தால், படிகள் அனைத்தையும் ஏறி இறங்கியிருந்தாலும் சிந்தனை நடக்கவில்லை என்றே நான் கொள்வேன். கைவிடப்பட்ட யோசனைகளையும் பாருங்கள்: எந்த முன்மாதிரியைக் கண்டு, எவ்வளவு செலவான பிறகு அவை கைவிடப்பட்டன? அட்டையில் செய்த மாதிரியிலேயே பிழை தெரிந்திருந்தால், அது மேலாளருக்குப் புரியும் கணக்கு.

விளைவுகளின் தரத்துக்கு, எந்தக் குழு பயிற்சி பெற்றது என்று அறியாத துறை வல்லுநர்கள் சிலரைத் தனித்தனியே மதிப்பிடச் சொல்லலாம்; படைப்பாற்றலை அளக்க உளவியலாளர் தெரேசா அமாபிலே 1982-இல் முன்வைத்த வழி இதை ஒத்தது. ஆனால் வல்லுநர் மெச்சியது பயனருக்கு உதவாமலும் போகலாம்.

கடந்த ஆறு மாதத்துக்கு இத்தகைய பதிவுகள் இல்லையென்றால், பழைய கூட்டக் குறிப்புகளிலிருந்து இரண்டு திட்டங்களின் கதையையாவது மீட்டு எழுதுங்கள்; அடுத்த திட்டத்தில் முதல் நாள் வாக்கியத்தைத் தேதியிட்டு எடுத்து வையுங்கள்.