எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அதே ஃபோல்டர்: கேள்வி பதில்

பெங்களூரில் பத்து இருபது லினக்ஸ் மெஷின், நடுவில் ஒரு சர்வர் என்று இருக்கும் சின்ன ஆபீஸ்களையும் லேப்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லோருடைய ஹோம் டைரக்டரியும் (அவரவர் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்) சர்வரில் இருக்கும், லாகின் எல்லா மெஷினுக்கும் பொது. இந்த ஏற்பாட்டில் வரும் தொல்லைகளைக் கேளுங்கள். விண்டோஸ் எனக்குத் தெரியாது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

பீன்யா, டூல் டிசைன் கடை: சார், 12 மெஷின். ஹோம் டைரக்டரி சர்வரிலிருந்து என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக வருகிறது. புதிதாக வாங்கிய மெஷினில் மட்டும் என் ஃபைலைத் திறந்தால் எனக்கே 'பெர்மிஷன் டினைட்'. அதே பெயர், அதே பாஸ்வேர்டுதான்.

உங்கள் பெயரை என்எஃப்எஸ் மதிப்பதில்லை சார். கெர்பரோஸ் (ஆளை உறுதி செய்யும் பாதுகாப்பு முறை) போடாத சாதாரண என்எஃப்எஸ்ஸில் கிளையன்ட், அதாவது உங்கள் மெஷின், சர்வருக்கு அனுப்புவது யூசர் நம்பரைத்தான். உபுண்டு ஏற்றும்போது முதலில் உருவாகும் யூசருக்கு 1000 விழும். புது மெஷினை நீங்கள் ஏற்றினீர்கள், அதனால் அங்கே 1000 நீங்கள். சர்வரில் 1000 யார்? முதலில் சேர்ந்த கணக்காளராக இருக்கலாம். அப்படியானால் உங்கள் ஃபைல் திறக்காதது பெரிய விஷயமே இல்லை, அவர் ஃபைல் உங்களுக்குத் திறக்கும் என்பதுதான் பெரிய விஷயம். சென்ட்ஓஎஸ் 6 காலத்து சர்வர் என்றால் அதில் யூசர்கள் 500-இலிருந்து தொடங்கியிருப்பார்கள், குழப்பம் இன்னும் கூடும்.

இரண்டு மெஷினிலும் 'ஐடி' கட்டளையை அடித்து நம்பரை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் புது மெஷினில் என்எஃப்எஸ்ஸைக் கழற்றிவிட்டு, அந்த யூசர் லாகினில் இல்லாத நேரத்தில் 'யூசர்மாட்' கொண்டு நம்பரை மாற்றுங்கள். சர்வர் பக்கம் கை வைக்க வேண்டாம். யாராவது 'சிஎச்மாட் 777 போடு, சரியாகிவிடும்' என்று சொல்வார்கள். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடும் கட்டளை அது, காதில் வாங்காதீர்கள். பூட்டு மாட்டவில்லை என்று கதவையே கழற்றி வைக்கிற வேலை அது.

அல்சூர், பள்ளி லேப்: கரண்ட் போய் வந்தால் எல்லா மெஷினும் பூட் ஆகும்போது பாதியில் நின்றுவிடுகின்றன. பிள்ளைகள் அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

டீச்சர், சர்வர் எழுந்திருக்க நேரம் எடுக்கும், கிளையன்ட்கள் முந்திக்கொள்ளும். ஹோமை எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போதே இணைக்க வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) நேரடியாக எழுதியிருந்தால் அவை அங்கேயே காத்து நிற்கும். ஆட்டோஎஃப்எஸ் போடுங்கள். யாராவது லாகின் செய்யும்போதுதான் அவருடைய ஹோம் மவுண்ட் ஆகும், அதாவது மெஷினோடு இணையும், பூட் தடைபடாது. அப்புறம் ஒன்று, யுபிஎஸ் சர்வருக்கு மட்டும் இருக்கிறதா, ஸ்விட்சுக்கும் இருக்கிறதா? சர்வர் ஓடுகிறது, ஸ்விட்ச் செத்துக் கிடக்கிறது என்பதை நான் பார்க்காத லேப் குறைவு.

இன்னொன்றை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு லோக்கல் அட்மின் கணக்கு வையுங்கள், அதன் ஹோம் '/ஹோம்' அடியில் இருக்கவே கூடாது. '/வார்' அடியில் எங்காவது வையுங்கள். நான் இதைச் செய்யாமல் ஜெயநகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சனிக்கிழமை இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். சர்வர் போயிற்று, என் ஹோமும் அதோடு போயிற்று, எந்த மெஷினிலும் நுழைய முடியவில்லை. வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்தார்.

கோரமங்களா, அனிமேஷன்: 'சாஃப்ட்' மவுண்ட் போட்டால் இந்தத் தொங்கலே வராதே அண்ணா?

வராது தம்பி. பதிலாக ஃபைல் கெடும். 'ஹார்ட்' என்றால் சர்வர் திரும்பி வரும்வரை புரோகிராம் காத்திருக்கும். 'சாஃப்ட்' என்றால் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு புரோகிராமின் கையில் ஒரு எர்ரரைக் கொடுத்துவிடும். அந்த எர்ரரைக் கவனிக்காத புரோகிராம் ஏராளம், பாதி எழுதிய ஃபைலை முழு ஃபைல் என்று நினைத்துப் போய்விடும். ஹோமுக்கு எப்போதும் ஹார்ட்.

ஒயிட்ஃபீல்டு: பத்து வருஷமாக சாஃப்ட்தான் போடுகிறேன், ஒரு ஃபைலும் கெட்டதில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

கெட்டது உங்களுக்குத் தெரியவில்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள். சாஃப்ட் மவுண்டில் ஃபைல் கெடும்போது மணி அடிக்காது. ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய டிராயிங்கைத் திறக்கும்போதுதான் தெரியும், அப்போது 'டிஸ்க் கோளாறு' என்பீர்கள்.

ஒயிட்ஃபீல்டு: ஹார்ட் போட்டுத் தொங்கினால் மெஷினையே ரீபூட் செய்யணும். அதில் ஃபைல் கெடாதா? அதனால்தான் தொங்கும் புரோகிராமை நிறுத்தவிடும் 'இன்டர்' ஆப்ஷனும் சேர்த்துப் போடுகிறேன்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் 2008-இல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) 'இன்டர்' என்ற சொல்லை லினக்ஸ் கண்டுகொள்வதே இல்லை. நீங்கள் எழுதலாம், அது வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கும். இப்போது ஹார்ட் மவுண்டில் தொங்கும் புரோகிராமை 'கில் மைனஸ் 9' கொடுத்து முடிக்கலாம், மெஷினை ரீபூட் செய்ய வேண்டாம்.

கோரமங்களா: அப்போ சாஃப்ட் எதற்குத்தான் அண்ணா இருக்கிறது?

படிக்க மட்டும் உள்ள ஃபோல்டருக்கு. ஃபான்ட், டெக்ஸ்சர் லைப்ரரி போன்றவை. அதற்கு நானும் சாஃப்ட்தான் போடுகிறேன். ஒயிட்ஃபீல்டுக்காரர் இதோடு சமாதானம் ஆகமாட்டார், தெரியும்.

ராஜாஜிநகர்: பெர்மிஷன் டினைட் வருகிறது.

பீன்யாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சிவாஜிநகர், அச்சகம்: எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் (சர்வர் எந்த ஃபோல்டரை யாருக்குத் தரும் என்ற பட்டியல்) 'ஆர்டபிள்யூ' (படிக்க, எழுத) என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். ஆனாலும் எங்கள் மெஷினிலிருந்து எழுத முடியவில்லை, படிக்கத்தான் முடிகிறது.

கிளையன்ட் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அர்த்தமே தலைகீழ். உங்கள் கிளையன்டுக்குப் படிக்கும் அனுமதி மட்டும், உலகத்தில் மற்ற எல்லோருக்கும் எழுதும் அனுமதி. ஸ்பேஸை எடுத்துவிட்டு 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ' அடியுங்கள். இன்றே செய்யுங்கள்.

மல்லேஸ்வரம்: எங்களுடையது என்ஐஎஸ் (யூசர் பட்டியலை எல்லா மெஷினுக்கும் பொதுவாகத் தருவது). நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

ஓடும். முதலில் அதற்கு யெல்லோ பேஜஸ் என்று பெயர், பிரிட்டிஷ் டெலிகாம் அது தன் டிரேட்மார்க் என்றதால் பெயர் மாறியது. கட்டளைகள் 'ஒய்பி' என்று தொடங்குவது அந்த மிச்சம்தான். தொல்லை என்னவென்றால், வழக்கமான அமைப்பில் எல்லோருடைய பாஸ்வேர்டு ஹேஷையும் (பாஸ்வேர்டின் மறைத்த வடிவம்) நெட்வொர்க்கில் இருக்கிற யாரும் வாரி எடுக்கலாம். தவிர ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் என்ஐஎஸ்ஸை எடுத்தே விட்டார்கள். அடுத்த சர்வர் வாங்கும்போது இதே வேலையைச் செய்யும் எல்டேப்புக்கு வாருங்கள். 12 மெஷினுக்குள் என்றால் ஆன்சிபிள் வைத்து ஒரே யூசர் பட்டியலை எல்லாவற்றிலும் போட்டாலும் போதும், நம்பர் ஒன்றாக இருந்தால் சரி.

இந்திராநகர்: கெர்பரோஸ் போட்டோம். ஒரே ஒரு பழைய மெஷின் மட்டும் காலையில் லாகின் மறுக்கிறது.

அதன் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் நம்பாது, அதுதான் வழக்கமான வரம்பு. மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும், ராத்திரி ப்ளக்கைப் பிடுங்கினால் நேரம் போய்விடும். பேட்டரியை மாற்றுங்கள், நேரத்தைச் சரிசெய்யும் குரோனியையும் ஓடவிடுங்கள்.

பனசங்கரி: லாகின் ஆக 30 செகண்ட் ஆகிறது.

'கெட்என்ட் பாஸ்டபிள்யூடி' என்று அடித்து உங்கள் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். பதில் உடனே வந்தால் கோளாறு ஹோம் பக்கம். அதுவே இழுத்தால் எல்டேப் அல்லது டிஎன்எஸ் (மெஷின் பெயருக்கு முகவரி சொல்வது). பட்டியலில் முதலில் இருக்கும் சர்வர் செத்திருக்கும், ஒவ்வொரு முறையும் அதைத் தட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

ஜே.பி. நகர்: வீட்டு வைஃபை கேமரா நெட்வொர்க்கில் தெரியவில்லை.

கடைக்காரரைக் கேளுங்கள்.

ஹெப்பாள்: ஃபயர்ஃபாக்ஸ் 'ஏற்கனவே ஓடுகிறது' என்கிறது, இங்கே ஓடவில்லை.

வேறு மெஷினில் லாகினை மூடாமல் வந்திருப்பீர்கள். ஹோம் ஒன்றுதானே, புரொஃபைலும் ஒன்றுதான். அங்கே போய் மூடுங்கள்.

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட், ஆராய்ச்சி மாணவி: எனக்கும் பெர்மிஷன் டினைட் சார்.

நம்பர். நம்பர். நம்பர். மூன்றாவது தடவை அம்மா.

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்: பார்த்துவிட்டேன் சார், இரண்டு பக்கமும் 1042. ஹோம் திறக்கிறது. எங்கள் புராஜெக்ட் குரூப்பின் ஃபோல்டர் மட்டும்தான் திறக்கவில்லை. நான் அந்த குரூப்பில் இருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரருக்குத் திறக்கிறது. நான் 19 குரூப்பில் இருக்கிறேன்.

அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கணும். அந்த 19-இல்தான் விடை இருக்கிறது. யூசர் நம்பரோடு குரூப் நம்பர்களையும் கிளையன்ட் அனுப்பும், ஆனால் அந்தப் பொட்டலத்தில் 16 குரூப்புக்குத்தான் இடம். மீதி மூன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், உங்கள் புராஜெக்ட் குரூப் அந்த மூன்றில் மாட்டியிருக்கிறது. சர்வரில் மவுண்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் 'மவுண்ட்டி'க்கு 'மேனேஜ்-ஜிட்ஸ்' ஆப்ஷனைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் கிளையன்ட் அனுப்பும் பட்டியலை விட்டுவிட்டு, நீங்கள் எந்தெந்த குரூப் என்று சர்வரே தேடிக்கொள்ளும். அதற்கு சர்வருக்கும் அந்த குரூப்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலில் சர்வரில் உட்கார்ந்து உங்கள் பெயருக்கு 'ஐடி' அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், 19-உம் வருகிறதா என்று.