முன்பணக் கடனில் கடல்பாசி எடுக்கும் பெண்ணை, ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் சொல்லும் உழைப்பு எப்படி விடுவிக்கும்?

விடுவிக்காது. ஹெகல் அப்படிச் சொல்லவும் இல்லை. எஜமான், அடிமை பற்றிய பகுதியில், தான் உருவாக்கிய பொருளில் அடிமை தன்னையே அடையாளம் காண்கிறான் என்கிறார், அவ்வளவுதான். கடன் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் உதாரணமும் குழப்புகிறது. பாம்பனில் விரலில் துணி சுற்றி, முங்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசி எடை போட்டதும் வியாபாரியிடம் போய்விடும், கண்முன் நிற்காது. வலை பின்னுபவரை வைத்து யோசியுங்கள். நாளைக்கும் அந்த முடிச்சு அவர் கைவேலைதான்.

ஹெகலின் Phenomenology of Spirit நூலில், மில்லரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 194 முதல் 196 வரையுள்ள பத்திகளை மறுபடி படித்துப் பாருங்கள். உழைப்பு என்பது அடக்கிவைத்த ஆசை என்று அவர் சொல்வது 195இல். சாவு பயம் வரும் 194ஐத் தாண்டிவிட்டால் (பலரும் தாண்டுகிறார்கள்) 196 புரியாது.

ஆனால் வலையே முதலாளியுடையது என்றால்? செய்த பொருளே செய்தவருக்கு அந்நியமாகிறது என்று 1844இல் மார்க்ஸ் பிடித்தது அங்கேதான். அந்த மூன்று பத்திகளில் இதற்குப் பதில் தேடாதீர்கள்.